28 தங்கம்: எதைக் கழிப்பது, எதைக் கூட்டுவது

9 அக்டோபர் 2023, காலை

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஹாங்சோ ஆசியப் போட்டியில் 107 பதக்கம் என்று ஊரே கொண்டாடுகிறது. கபடி, கிரிக்கெட், ஸ்குவாஷ் எல்லாம் சேர்த்துத்தானே இந்தக் கணக்கு? ஒலிம்பிக்கில் இல்லாததைக் கழித்துவிட்டு எண்ணினால் கையில் என்ன மிஞ்சும்? யாராவது எண்ணிச் சொல்லுங்கள்."

நியாயமான கேள்வி. பள்ளிக்குக் கிளம்பும் முன் உட்கார்ந்து எண்ணினேன். 28 தங்கம், 38 வெள்ளி, 41 வெண்கலம். மொத்தத்தையும் பிரிக்க இப்போது நேரமில்லை, தங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கபடி 2, கிரிக்கெட் 2, ஸ்குவாஷ் 2. வில்வித்தையில் 5 தங்கம், ஐந்துமே கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லில் வந்தவை. ஒலிம்பிக்கில் கப்பி இல்லாத ரிகர்வ் வில் மட்டும்தான். ஆக 11 கழிகிறது, மிச்சம் 17.

2018 ஜகார்த்தாவில் மொத்தமே 70 பதக்கம், அதில் 16 தங்கம். கழித்த பிறகும் அன்றைய முழுக் கணக்கைவிட ஒன்று கூட நிற்கிறது. கொண்டாடலாம் என்பதுதான் என் பதில்.

9 அக்டோபர் 2023, இரவு

காலையில் அவசரத்தில் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. கழிப்பது சரி, ஆனால் கழிக்கிற ஆட்டத்தில் ஆடியவர்களை லேசாக நினைத்துவிட வேண்டாம். ஆண்கள் ஸ்குவாஷ் அணி இறுதியில் பாகிஸ்தானோடு 1-1 என்று இருந்தது. கடைசி ஆட்டத்தில் நம் அபய் சிங் தோல்வியின் விளிம்பில் நின்று, எதிராளியின் மேட்ச் பாயின்ட்டுகளைத் தாண்டி வந்து ஐந்தாவது கேமில் முடித்தார். நான் நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பார்த்தேன். ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டம் என்கிற நினைப்பே அந்த நேரம் வரவில்லை.

11 அக்டோபர் 2023

என் கணக்கு தப்பு. இன்னொரு வாசகர் சுட்டிக்காட்டினார், பார்த்தேன், அவர் சொல்வதுதான் சரி.

துப்பாக்கி சுடுதலில் 7 தங்கத்தையும் நான் ஒலிம்பிக் பக்கம் போட்டிருந்தேன். ஆனால் அதில் 5 அணித் தங்கம். ஒரு நாட்டைச் சேர்ந்த மூன்று பேர் தகுதிச்சுற்றில் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, எந்த நாட்டின் கூட்டல் பெரியதோ அதற்குத் தங்கம் கொடுப்பார்கள். அதற்கென்று தனியாக ஒரு குண்டுகூடச் சுட வேண்டாம். ஒலிம்பிக்கில் இந்த மூவர் அணிப் பிரிவு கிடையாது. தனிநபர் தங்கம் இரண்டுதான்: 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பலக், 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிளில் சிஃப்ட் கவுர் சம்ரா. சிஃப்ட் எடுத்த 469.6 உலக சாதனை.

அப்படியானால் கழிக்க வேண்டியது 16. மிச்சம் 12: தடகளம் 6, துப்பாக்கி 2, ஹாக்கி, பேட்மிண்டன் ஆண்கள் இரட்டையர், டென்னிஸ் கலப்பு இரட்டையர், குதிரையேற்றத்தில் டிரெஸ்ஸாஜ் அணி, ஆளுக்கு ஒன்று.

கேள்வி கேட்டவர் சந்தேகப்பட்டதில் பாதிக்கு மேல் சரிதான். இதை ஒத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை.

14 அக்டோபர் 2023

தங்கத்தையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். என்னை ஹாங்சோவில் உலுக்கியது ஒரு தகுதிச்சுற்று. அதற்குப் பதக்கமே கிடையாது.

அக்டோபர் 2 காலை, பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டத் தகுதிச்சுற்று. கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் 55.42 விநாடியில் முடித்தார். அந்த எண்ணைத் திரையில் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடியதும் அதே 55.42. நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தை விட்டாரே, அந்த ஓட்டம். 39 வருஷம் யாரும் தொடாத தேசிய சாதனையை வித்யா தொட்டார். தாண்டவில்லை, குறையவும் இல்லை, அதே எண்.

இந்த ஓட்டம் எனக்குக் கொஞ்சம் சொந்தம். படிக்கிற காலத்தில் மாவட்ட அளவில் 400 தடை ஓடியவன் நான். இப்போது பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். சாயங்காலம் மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தடையைத் தாண்டுவதுதான் கஷ்டம் என்று தோன்றும். இல்லை. பெண்களுக்குத் தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு மேசை உயரம். கஷ்டமெல்லாம் இரண்டு தடைக்கு நடுவில் இருக்கிற 35 மீட்டரில். அதை எத்தனை ஸ்டெப்பில் எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே. நல்ல வீராங்கனைகள் 15 ஸ்டெப்பில் போவார்கள். ஆறாவது ஏழாவது தடை வரும்போது தொடை கனத்து, அதே 15 எட்டாது. அப்போது 16க்கு மாறினால் கால் மாறிவிடும், இதுவரை வலது காலை முன்னால் போட்டவர் இடது காலைப் போட்டுத் தாண்ட வேண்டும். 17க்கு மாறினால் கால் மாறாது, ஆனால் நேரம் போகும். மூச்சு முட்டுகிற அந்த இடத்தில் இந்த முடிவை எடுக்க வேண்டும்.

என்னிடம் வருகிற ஒரு பெண் 19 ஸ்டெப் எடுப்பாள், தடைக்கு முன்னால் தயங்கித் தயங்கிச் சின்னச் சின்னதாக மூன்று ஸ்டெப் வைப்பாள். வித்யாவின் ஓட்டத்தை என் கைப்பேசியில் நான்கு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். என்ன பார்க்கிறாய் என்றேன். "தடைக்கு முன்னால அக்கா கீழே பார்க்கவே இல்ல சார்" என்றாள். நான் ஒரு வருஷமாகச் சொல்லிவருவது அதுதான்.

மறுநாள் இறுதியில் வித்யா 55.68 ஓடி வெண்கலம். 2ஆம் தேதி காலை தகுதிச்சுற்று, அன்று மாலையே ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் கலப்பு 4x400 தொடரோட்டத்தில் வெண்கலம், 3ஆம் தேதி தடை ஓட்டம், 4ஆம் தேதி பெண்கள் தொடரோட்டத்தில் வெள்ளி. மூன்று நாளில் நான்கு முழுச் சுற்று. 400 ஓடியவர்களுக்குத் தெரியும், முடித்த பிறகு அரை மணி நேரம் தரையில் கிடக்க வேண்டியிருக்கும்.

15 அக்டோபர் 2023

திருத்தம். கலப்புத் தொடரோட்டத்தில் வெண்கலம் என்று எழுதிவிட்டேன், அது வெள்ளி. ஓடி முடித்தபோது இந்தியா மூன்றாவது. இரண்டாவதாக வந்த இலங்கை அணியை விதிமீறல் என்று நீக்கியதால் மேலே ஏறினோம். ஓடியவர்கள் முகமது அஜ்மல், வித்யா, ராஜேஷ் ரமேஷ், சுபா வெங்கடேசன். நால்வரில் மூவர் தமிழ்நாடு.

மகிழ்ச்சிதான். ஆனால் அந்த இலங்கைப் பிள்ளைகளை நினைத்தால் மனசு கனக்கிறது. வெள்ளி வாங்கிவிட்டோம் என்று கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். அதே போட்டியில் 800 மீட்டரில் தருஷி கருணாரத்ன தங்கம் வென்றார், ஆசியப் போட்டித் தடகளத்தில் இலங்கைக்கு 21 வருஷத்துக்குப் பிறகு வந்த தங்கம். அதையாவது நாமும் சேர்ந்து கொண்டாடுவோம்.

அப்புறம், ஒருவர் கேட்டார்: "நீங்கள் ஏன் மேலே போகவில்லை?" சொல்லிவிடுகிறேன். ஒரு போட்டியில் எட்டாவது தடையைத் தப்பான கோட்டில் வைத்திருந்தார்கள். 35 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 33. முழு வேகத்தில் போனேன், தடை இரண்டு மீட்டர் முன்னாலேயே வந்து நின்றது, முழங்காலில் இடித்து விழுந்தேன். எங்கள் பி.டி. சார் டேப் போட்டு அளந்து காட்டினார். மறு ஓட்டம் தரவில்லை. அதனால்தான் நான் மேலே போகவில்லை என்று சொல்ல மாட்டேன், என் நேரமே அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கும் பயிற்சிக்குத் தடை வைக்கும்போது நானே டேப் பிடித்து அளக்கிறேன், பிள்ளைகளிடம் விடுவதில்லை.

17 அக்டோபர் 2023

கணக்கை மறுபடி மாற்ற வேண்டியிருக்கிறது. நேற்று மும்பையில் நடந்த சர்வதேச ஒலிம்பிக் குழுக் கூட்டத்தில், 2028 லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிரிக்கெட்டையும் ஸ்குவாஷையும் சேர்த்துவிட்டார்கள். போன வாரம் நான் கழித்த 16இல் 4 திரும்பி வருகிறது.

ஒரே வாரம். ஆடியவர்கள் அதே ஆட்டத்தைத்தான் ஆடினார்கள், தங்கமும் அதே தங்கம். கூட்டம் நடந்த மண்டபத்தில் கையைத் தூக்கினார்கள், நம் கணக்கு மாறிவிட்டது. "ஒலிம்பிக்கில் இருக்கிறதா" என்பதை வைத்து ஒரு பதக்கத்தை எடைபோடுவது சரிதானா என்று எனக்கே இப்போது சந்தேகம் வருகிறது.

22 அக்டோபர் 2023

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோலர் ஸ்கேட்டிங் ஆண்கள் 3000 மீட்டர் தொடரோட்டம் பார்த்தீர்களா? கொரிய வீரர் கடைசிக் கோட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். பக்கத்தில் வந்த தைவான் வீரர் இடது காலை நீட்டிக் கோட்டைத் தொட்டார். வித்தியாசம் நூறில் ஒரு பங்கு விநாடி. தங்கம் தைவானுக்கு. கொரியாவில் ஆசியப் போட்டித் தங்கம் வென்றால் கட்டாய ராணுவப் பணியிலிருந்து விலக்கு உண்டு, அதுவும் அந்தக் கை தூக்கலில் போயிற்று. அந்தப் பையன் பிறகு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்தப் பந்தயத்தில் மூன்றாவது இந்தியா. அணியில் நம் ஆனந்த்குமார் வேல்குமார். பெண்கள் தொடரோட்டத்திலும் வெண்கலம், அதில் ஆரத்தி கஸ்தூரிராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும். ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டம், பத்திரிகையில் நான்கு வரி வந்தது.

உஷாவுக்கு நூறில் ஒன்று, கொரியாவுக்கு நூறில் ஒன்று. கோட்டைத் தாண்டி ஐந்து மீட்டர் போன பிறகுதான் நிற்க வேண்டும் என்று நான் பிள்ளைகளைக் கத்துவதற்கு இனிமேல் இந்த வீடியோ போதும்.

12 ஆகஸ்ட் 2024

பாரிஸ் ஒலிம்பிக் நேற்று முடிந்தது. முதல் கேள்வியைக் கேட்டவர் பத்து மாதம் கழித்து வந்திருக்கிறார். "107 எங்கே, 6 எங்கே?" என்று ஒரே வரி.

ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம். பட்டியலில் 71ஆவது இடம். வலிக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை.

என் அந்த 12 தங்கத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அவற்றை வென்றவர்களில் பாரிஸிலும் பதக்கம் எடுத்தது நீரஜ் சோப்ராவும் ஹாக்கி அணியும் மட்டும். நீரஜ் ஹாங்சோவில் 88.88 மீட்டருக்குத் தங்கம் வாங்கினார், பாரிஸில் 89.45 எறிந்தும் வெள்ளிதான், பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 எறிந்துவிட்டார். அவினாஷ் சாப்ளே ஸ்டீபிள்சேஸ் இறுதிவரை போய் 11ஆவது. பேட்மிண்டனில் சாத்விக், சிராக் ஜோடி காலிறுதியில் தோற்றது. சிஃப்ட் இறுதிக்கே வரவில்லை. ஆண்கள், பெண்கள் தொடரோட்டம் இரண்டும் தகுதிச்சுற்றோடு நின்றன. அதே ஆண்கள் அணிதான் போன வருஷம் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 2:59.05 ஓடி ஆசிய சாதனை வைத்தது, கடைசிச் சுற்றில் ராஜேஷ் அமெரிக்கரின் முதுகுக்குப் பின்னாலேயே வந்தார். அன்று ஓடிய ஓட்டம் பாரிஸில் வரவில்லை.

நான்காம் இடம் மட்டும் ஆறு. பேட்மிண்டனில் லக்‌ஷ்யா சென், பளுதூக்குதலில் மீராபாய் சானு, ஏர் ரைஃபிளில் அர்ஜுன் பபுதா, 25 மீட்டர் பிஸ்டலில் மனு பாக்கர், வில்வித்தைக் கலப்பு ஜோடி, பறக்கும் தட்டைச் சுடும் ஸ்கீட்டில் கலப்பு ஜோடி.

ஆசியாவில் ஜெயிப்பதும் உலகத்தில் ஜெயிப்பதும் வேறு வேறு என்று அவர் சொன்னால், இன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

13 ஆகஸ்ட் 2024

ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து பட்டியலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஹாங்சோவிலிருந்து பாரிஸுக்கு வராமல், பாரிஸிலிருந்து ஹாங்சோவுக்குப் போனேன். வேறொன்று தெரிந்தது, எழுதியே ஆக வேண்டும்.

ஹாக்கியை ஒரே அணியாக எண்ணினால், பாரிஸில் பதக்கம் வென்ற ஒவ்வொருவரும் ஹாங்சோவில் பதக்கம் வென்றவர். ஒருவர்கூட விலக்கில்லை. மல்யுத்த வீரர் அமன் செராவத் அங்கே வெண்கலம், இங்கேயும் வெண்கலம். நீரஜ், ஹாக்கி சொல்லிவிட்டேன். மீதி மூவரும் துப்பாக்கி: மனு பாக்கர், சரப்ஜோத் சிங், ஸ்வப்னில் குசாலே.

இந்த மூவரும் ஹாங்சோவில் என்ன செய்தார்கள் தெரியுமா? மனு 25 மீட்டர் தனிநபரில் ஐந்தாவது. சரப்ஜோத் 10 மீட்டர் தனிநபரில் நான்காவது. ஸ்வப்னில் தனிநபர் இறுதியில் முன்னணியில் இருந்தவர், நின்று சுடும்போது ஒரு குண்டு 7.6க்குப் போனது, நான்காவதாக இறங்கினார். மூவருக்கும் அங்கே கிடைத்த தங்கம் எது என்றால், அணித் தங்கம். நான் போன அக்டோபரில் "இது ஒலிம்பிக்கில் இல்லை" என்று கோடு போட்டு அடித்த அந்த ஐந்தில் மூன்று.

ஒன்றை நான் அன்றைக்குச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மூவரின் புள்ளியைக் கூட்டித் தங்கம் வருகிறது என்றால், மூன்று பேரும் நன்றாகச் சுடுகிற நாடு என்று அர்த்தம். ஒருவர் அபூர்வமாக வந்து ஜெயிப்பது வேறு, மூன்றாவது ஆளும் தரத்தில் இருப்பது வேறு. எங்கள் தொடரோட்டத்தில்கூட முதல் ஓட்டக்காரரைத் தேடி நான் அலைந்ததே இல்லை. நான்காவது ஆளுக்குத்தான் ஊர் ஊராகப் பள்ளி ஏறி இறங்கியிருக்கிறேன்.

அந்த 7.6 சுட்ட ஸ்வப்னில் பத்து மாதம் கழித்து அதே பிரிவில் 451.4 எடுத்து ஒலிம்பிக் வெண்கலம் வாங்குகிறார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். நம் ராஜேஷ் ரமேஷும் அதே வேலையில் இருந்தவர்தான். அடுத்த முறை ரயிலில் டிக்கெட் கேட்டு வருகிறவரின் முகத்தைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பேன்.

9 செப்டம்பர் 2024

பாராலிம்பிக்கும் முடிந்தது. 29 பதக்கம், 7 தங்கம். ஆகஸ்டில் "6 எங்கே" என்று கேட்டவர்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, அது எனக்கு வருத்தம். காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் பேட்மிண்டனில் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம், உயரம் தாண்டுதலில் மாரியப்பன் வெண்கலம். மாரியப்பனுக்கு இது தொடர்ந்து மூன்றாவது: ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, இப்போது இது.

துளசிமதியைக் கவனியுங்கள். ஹாங்சோ ஆசிய பாரா போட்டி இறுதியில் சீனாவின் யாங் சியூசியாவை வென்றார். பாரிஸ் இறுதியில் அதே யாங்கிடம் தோற்றார். ஆசியாவில் எதிரே நின்றவரே உலக இறுதியிலும் எதிரே நின்றார். இந்த ஆட்டத்தில் ஆசியா, உலகம் என்று பிரிக்கவே முடியாது. ஆகஸ்ட் 12ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரியை அப்படியே எல்லா ஆட்டத்துக்கும் பொருத்த முடியாது என்று இப்போது நினைக்கிறேன்.

11 ஏப்ரல் 2025

இரண்டு திருத்தம், இரண்டும் கணக்கில்.

லாஸ் ஏஞ்சலஸில் வில்வித்தையில் காம்பவுண்ட் கலப்பு அணி சேர்ந்துவிட்டது. ஹாங்சோவில் ஜோதி சுரேகாவும் ஓஜஸ் தேவ்தலேயும் தங்கம் வென்ற அதே பிரிவு. ஆக ஒன்று உள்ளே.

ஸ்குவாஷ் அங்கே ஒற்றையர் மட்டும்தான். ஹாங்சோவில் நாம் வென்றவை ஆண்கள் அணியும், தீபிகா பள்ளிக்கல், ஹரிந்தர் பால் சந்து ஜோடியின் கலப்பு இரட்டையரும். இரண்டும் வெளியே. நான் 2023 அக்டோபர் 17இல் 4 திரும்பி வந்தது என்று எழுதியது தப்பு. கிரிக்கெட் 2, காம்பவுண்ட் 1, ஆக 3. கழிய வேண்டியது 13, மிச்சம் 15.

முதலில் 17, பிறகு 12, பிறகு 16, இப்போது 15. ஹாங்சோவில் யாரும் மறுபடி ஓடவில்லை, எறியவில்லை. இத்தோடு இந்தக் கழித்தலை நான் நிறுத்திக்கொள்கிறேன்.

24 செப்டம்பர் 2025

ஆனந்த்குமார் வேல்குமார் உலக சாம்பியன்! சீனாவில் நடந்த ஸ்பீடு ஸ்கேட்டிங் உலகப் போட்டியில் 1000 மீட்டர் ஸ்பிரிண்டில் தங்கம், பிறகு 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம். ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் இந்தியாவுக்கு முதல் உலக சாம்பியன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்கு வரி வந்தது என்று எழுதினேனே, அந்தப் பிள்ளை.

முதல் கேள்வி கேட்டவருக்கு: ஐயா, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் இதையெல்லாம் நான் எண்ணியே இருக்க மாட்டேன். அடுத்த செப்டம்பர் 19ஆம் தேதி நகோயாவில் ஆசியப் போட்டி தொடங்குகிறது. வாருங்கள், சேர்ந்தே எண்ணுவோம். இந்த முறை மூன்றாவது சுடுபவர், நான்காவது ஓடுபவர் யார் என்று முதலில் பார்ப்போம்.

மைதானத்துச் செய்தி ஒன்று. 19 ஸ்டெப் எடுத்த பெண் இப்போது 17க்கு வந்துவிட்டாள். ஐந்தாவது தடை வரைக்கும்தான், ஆறாவதில் மறுபடி தடுமாறுகிறாள். நேற்று இருட்டின பிறகும் போக மறுத்தாள். இரண்டு பிள்ளைகள் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடிக்க, நான் டேப்பின் ஒரு முனையை மிதித்துக்கொண்டேன், அவள் மறுமுனையை இழுத்துக்கொண்டு போய் 35இல் செங்கல்லை வைத்தாள்.